பானுமதி மாதிரி நிற்கத்தான் வேணும்

"பிள்ளை, பானுமதி மாதிரி நிண்டு கதைக்காதை. பேந்து உன்னை ஒருத்தரும் ஒண்டுக்கும் கூப்பிடமாட்டாங்கள்."

போன வருசம் எங்கட வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒரு மாமா எனக்குச் சொன்னது இது. பிரச்சினையைச் சுமுகமாக முடித்துவைக்க வந்தவர். நல்ல மனுசன்தான், எனக்கு அவரோடு கோபம் இல்லை. ஆனால் அந்த வசனம் மட்டும் மண்டைக்குள் நின்றுவிட்டது. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பிரச்சினை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒரு குறும்படம் எடுத்தோம், 14 நிமிசம். கதை என் அம்மம்மாவுடையது. 1990இல் தெல்லிப்பழையை விட்டு வெளிக்கிட்டு, இருபது வருசத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்து, படலை இருந்த இடத்தில் நின்று, "கிணறு எங்கை?" என்று கேட்ட மனுசி அவ. அதை நான்தான் எழுதினேன். மகாபொலக் காசிலும் பின்னேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த காசிலும் சேர்த்துவைத்த 38,000 ரூபாய் என்னுடையது. படம் பிடித்த இடம் எங்கட காணி. ஒன்பது பேருக்கு மூன்று நாள் மத்தியானச் சாப்பாடு அம்மாவுடையது. இளவயது அம்மம்மாவாக நடித்ததும் நான்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது "கதை, திரைக்கதை, தயாரிப்பு, இயக்கம்" என்று நான்குக்கும் ஒரே பெயர். கமெரா வைத்திருந்த அண்ணாவின் பெயர். என் பெயர் "நடிப்பு" என்பதற்குக் கீழே மூன்றாவதாக இருந்தது. அம்மா "நன்றி" பட்டியலில். நான் கேட்டபோது வந்த பதில்: "ஏன் தங்கச்சி, நடிச்சனீங்கள், பேர் போட்டிருக்குத்தானே. பிறகென்ன?" இரண்டாம் தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்டபோது நான் திமிர் பிடித்தவளாகிவிட்டேன். அப்போதுதான் மாமா வந்தார், பானுமதியும் வந்தார்.

எங்கட வயதுக்காரருக்குப் பானுமதியைத் தெரியாது. எனக்கும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' பாட்டுக் காட்சிகள் யூரியூப்பில் பார்த்த அளவில்தான் தெரியும். மாமாவின் வசனத்துக்குப் பிறகு தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. தமிழ்ச் சினிமா பற்றி எழுதுகிற ஆண்கள் பானுமதியைப் பற்றி எழுதும்போது ஒரு சொல்லை விடமாட்டார்கள்: திமிர். கொஞ்சம் மரியாதையாக எழுதுபவர்கள் "கம்பீரம்", "துணிச்சல்", "யாருக்கும் தலைவணங்காதவர்" என்பார்கள். சொல் மாறினாலும் பார்வை ஒன்றுதான். அவர் செய்ததெல்லாம் அவருடைய குணத்தால் வந்தது, பிறவியிலேயே அப்படி ஒரு பொம்பிளை.

இது பொய் என்று நான் சொல்கிறேன். பானுமதியிடம் இருந்தது வெறும் குணம் இல்லை. அவரிடம் ஒரு கொம்பனி இருந்தது. அவர் "மாட்டேன்" என்று சொன்ன ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவருடைய சொந்த நிறுவனமும் சொந்த ஸ்டூடியோவும் நின்றன. அதை மறைத்துவிட்டுக் குணத்தை மட்டும் பேசுவது, எங்களைப் போன்ற பெட்டைகளுக்குப் பிழையான பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை.

வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1925 செப்டெம்பர் 7ஆம் திகதி, ஆந்திராவில் ஒங்கோலுக்குப் பக்கத்தில் தொட்டவரம் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா இசை தெரிந்தவர், மகளுக்கும் சங்கீதம் படிப்பித்தார். 1939இல் 'வரவிக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் நடிக்க வந்தபோது பதின்மூன்று வயது. சீதனத்துக்கு எதிரான நாடகம் ஒன்றிலிருந்து எடுத்த படம் அது. மகளை நடிக்க விட்ட அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்: கதாநாயகன் என் மகளைத் தொட்டு நடிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஒரு நடிகையின் ஒப்பந்தம் எப்படி இருந்தது என்பதற்கு இது ஒரு உதாரணம். அவருடைய உடம்பைப் பற்றி மற்றவர்கள் பேசி முடிவெடுப்பார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை, பாசத்தோடுதான். ஆனால் பேசுவது அவர் இல்லை.

1943இல் உதவி இயக்குநராக இருந்த பி. எஸ். ராமகிருஷ்ண ராவைக் காதலித்துக் கலியாணம் செய்தார். தகப்பனுக்கு முதலில் விருப்பமில்லை. கலியாணத்தோடு நடிப்பை விட்டுவிட்டு வீட்டில் இருக்கத்தான் நினைத்தார். 1945இல் வந்த 'ஸ்வர்க்கசீமா' என்ற படம் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது, பெரிய நட்சத்திரமாகவும் ஆக்கியது. இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டிய விசயம் நடக்கிறது. நட்சத்திரமானதும் அடுத்த கொம்பனிக்காக அவர் காத்துக்கொண்டு இருக்கவில்லை. புருசனும் பெண்சாதியுமாக, மகன் பரணியின் பெயரில் 'பரணி பிக்சர்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1948இல் 'ரத்னமாலா', 1949இல் 'லைலா மஜ்னு'. அதற்குப் பிறகு மதராஸ் சாலிக்கிராமத்தில் பரணி ஸ்டூடியோ. அதாவது இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில், என்னையும் இதை வாசிக்கிற உங்களில் கனபேரையும் ஒத்த வயதில், இந்தப் பொம்பிளை படத் தயாரிப்பாளர்.

1953இல் 'சண்டிராணி' வந்தது. தமிழ், தெலுங்கு, ஹிந்தி என்று மூன்று மொழிகளில். தயாரிப்பு பரணி, இயக்கம் பானுமதி, இரட்டைப் பிறவிகளாக இரண்டு வேடத்திலும் நடிப்பு பானுமதி. பாட்டும் அவரே. அவருக்கு அப்போது 28 வயதுகூட முடியவில்லை.

இந்தத் திகதியை மறந்துபோகாதீர்கள், கொஞ்சம் பிறகு திரும்பவும் தேவைப்படும்.

இப்போது திமிர்க் கதைகளுக்கு வருவோம். எல்லாரும் சொல்லுவது இரண்டு கதை.

முதலாவது 'மிஸ்ஸம்மா'. விஜயா நிறுவனம் எடுத்த தெலுங்குப் படம், எல். வி. பிரசாத் இயக்கம். பானுமதிதான் கதாநாயகி, நான்கு ரீல் வரைக்கும் எடுத்தாயிற்று. ஒரு நாள் வரலட்சுமி விரதம் காரணமாக அவர் படப்பிடிப்புக்குப் பிந்தி வந்தார். தயாரிப்பாளர்களில் ஒருவரான சக்ரபாணி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவர் கேட்கவில்லை. எடுத்த ரீல்களை எரித்துவிட்டு, இரண்டாவது நாயகியாக இருந்த சாவித்திரியைக் கதாநாயகி ஆக்கினார்கள். 1955இல் படம் வந்தது, தமிழில் 'மிஸ்ஸியம்மா'வாகவும் வந்தது, சாவித்திரி உச்சத்துக்குப் போனார். இந்தக் கதையை ஒரு பாடமாகத்தான் சொல்லுவார்கள்: பாருங்கோ, ஒரு சொறி சொல்லியிருந்தால் அந்தப் படம் அவவின்ரை.

இரண்டாவது 'நாடோடி மன்னன்', 1958. எம்.ஜி.ஆர். தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த படம். பானுமதி முதல் பாதியின் நாயகி. காட்சிகளைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் இரண்டு பேருக்கும் முரண்பாடு வந்து அவர் விலகினார். கதையில் அவருடைய பாத்திரத்தைச் சாகடித்துவிட்டு, சரோஜாதேவியைக் கொண்டுவந்து படத்தை முடித்தார்கள். இதுவும் அதே பாடம்தான்.

முதல் கதையை எடுப்போம். பிந்தி வந்தது பிழைதான், அதை மறுக்க நான் வரவில்லை. ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் ஆருக்கு எவ்வளவு நட்டம் என்று மூன்று நாள் சாப்பாட்டுக் கணக்குப் பார்த்த எனக்கே தெரியும், ஸ்டூடியோ வைத்திருந்த அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் தண்டனையைப் பாருங்கள். நான்கு ரீலை நெருப்பில் போடுகிற அளவுக்கு அந்த நட்டம் பெரிதாக இருந்ததா? ஒரு நாள் நட்டத்துக்காக அதைவிடப் பெரிய நட்டத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள் என்றால், பிரச்சினை காசு இல்லை என்றுதானே அர்த்தம்? ஒரு பொம்பிளை மன்னிப்புக் கேட்காமல் நின்றதுதான் பிரச்சினை. கோபத்தில் ரீலை எரித்த மனுசனைத் திமிர் பிடித்தவர் என்று ஆரும் எழுதி நான் வாசிக்கவில்லை. அவர் "கண்டிப்பானவர்". மன்னிப்புக் கேட்காதவதான் திமிர்.

இரண்டாவது கதை இன்னும் சுவாரசியம். 'நாடோடி மன்னன்' எம்.ஜி.ஆரின் வாழ்க்கையில் என்ன மாதிரிச் சொல்லப்படுகிறது? கையில் இருந்ததையெல்லாம் பணயம் வைத்தார், தானே தயாரித்தார், தானே இயக்கினார், இரட்டை வேடம் போட்டார், தனக்குத் திருப்தி வரும்வரைக்கும் திரும்பத் திரும்ப எடுத்தார், ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, வென்றார். வீரக் கதை. விழா எடுத்துச் சொல்லுகிற கதை.

இப்போது 1953க்குத் திரும்பிப் போங்கள். தயாரிப்பு, இயக்கம், இரட்டை வேடம். 'நாடோடி மன்னன்' வருவதற்கு ஐந்து வருசத்துக்கு முன்னம், ஒரு மொழியில் இல்லை மூன்று மொழியில், பானுமதி செய்து முடித்த வேலை அது. 1958இல் அந்தத் தளத்தில் மோதிக்கொண்டது ஒரு முதலாளியும் அடங்காத நடிகையும் இல்லை. படம் இயக்கத் தெரிந்த இரண்டு பேர். அதில் ஒருவருக்கு அதுதான் முதல் படம், மற்றவ ஏற்கெனவே இயக்கி முடித்தவ. இப்படிப் பார்த்தால் அந்தக் கதையின் நிறமே மாறுதா இல்லையா? ஒரே பிடிவாதம் ஆணிடம் இருந்தால் இலட்சியம், பெண்ணிடம் இருந்தால் வாய்க்கொழுப்பு.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, பாடம் சொல்லுகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற பகுதி. "பேந்து உன்னை ஒருத்தரும் கூப்பிடமாட்டாங்கள்" என்றார் மாமா. பானுமதியைக் கூப்பிடாமல் விட்டார்களா? 'மிஸ்ஸம்மா' கைவிட்டுப் போனதுக்குப் பிறகுதான் 1956இல் 'அலிபாபா', 'மதுரை வீரன்', 'ரங்கோன் ராதா' மூன்றும் வந்தன. 'நாடோடி மன்னன்' சண்டைக்குப் பிறகு அதே எம்.ஜி.ஆரோடு 'ராஜா தேசிங்கு' (1960), 'கலை அரசி', 'காஞ்சித் தலைவன்' (1963) என்று மூன்று படம். 1962இல் 'அன்னை'. 1966இல் பத்மஸ்ரீ, பின்னாளில் பத்மபூஷண். 1980களின் நடுப்பகுதியில் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவரும் இவர்தான். 1975இல் 'இப்படியும் ஒரு பெண்' என்று ஒரு தமிழ்ப் படத்தை இயக்கினார். 1982இல் முழுக்கச் சின்னப்பிள்ளைகளை வைத்தே 'பக்த துருவ மார்க்கண்டேயா' எடுத்தார். மாமியார் மருமகள் கதைகளை நகைச்சுவையாக எழுதித் தெலுங்கில் பெரிய வாசகர் கூட்டத்தை வைத்திருந்தார், தன் வாழ்க்கையையும் எழுதினார். 2005 டிசெம்பர் 24ஆம் திகதி எண்பது வயதில் இறந்தார். "நிண்டு கதைச்சதால்" அழிந்துபோன ஒருவரின் வாழ்க்கை மாதிரியா இது இருக்கு?

ஏன் அழியவில்லை? ஏனென்றால் ஒரு படம் போனால் அவருக்குச் செய்ய வேறு படம் இருந்தது, அவருடைய சொந்தப் படம். 1954இல் மிஸ்ஸம்மாவை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அழுதுகொண்டு இருக்கவேண்டிய நிலையில் அவர் இல்லை. அதே வருசம் பரணி பிக்சர்ஸின் 'சக்ரபாணி'யும் 'விப்ரநாராயணா'வும் வந்தன. சண்டை போட்ட தயாரிப்பாளரின் பெயரும் சக்ரபாணி, படத்தின் பெயரும் 'சக்ரபாணி' என்பது தற்செயலா இல்லையா என்பதை உங்கட கற்பனைக்கு விடுகிறேன்.

சரி, எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்ப்போம். நான் இதைப் பற்றிக் கதைக்கிற இடமெல்லாம் மூன்று வருகுது.

ஒன்று: "அவவுக்குப் புருசன் பக்கபலம். பரணி படங்கள் கனக்க இயக்கினது ராமகிருஷ்ண ராவ்தானே." உண்மை. அவர் இல்லாமல் பரணி இல்லை. ஆனால் உலகத்தில் எந்தத் தயாரிப்பாளர் தனியே நின்றார்? எம்.ஜி.ஆருக்கு அண்ணன் சக்கரபாணி பக்கபலம். அதனால் எம்.ஜி.ஆர். படத்தை எம்.ஜி.ஆர். படம் இல்லை என்று ஆராவது சொல்லுகிறார்களா? துணை இருந்தால் ஆணுக்கு அது குடும்ப ஆதரவு, பெண்ணுக்கு மட்டும் "அவளுக்குப் பின்னால் ஒருத்தன் இருந்தவன்".

இரண்டு: "சாவித்திரியும் சொந்தப் படம் எடுத்தவதானே, என்ன நடந்தது?" இது கனமான கேள்வி. சாவித்திரி 1971இல் 'பிராப்தம்' படத்தைத் தயாரித்து இயக்கினார், படம் தோற்றது, சொத்து போனது. 1981இல் நீண்டநாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். 2018இல் 'நடிகையர் திலகம்' பார்த்து எங்கட பட்ச் முழுக்க அழுதது. அதைப் பார்த்துவிட்டு "பொம்பிளை படம் எடுத்தால் இதுதான் முடிவு" என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். படம் தயாரித்துக் கடனாளியாகிச் செத்த ஆண்கள் எத்தனை பேர் கோடம்பாக்கத்தில்? அவர்களைக் காட்டி "ஆம்பிளையள் படம் எடுக்கக் கூடாது" என்று ஆரும் பாடம் நடத்துவதில்லை. ஆண் தோற்றால் தொழிலில் நட்டம், பெண் தோற்றால் பெண் என்பதால் நட்டம். பானுமதியையும் சாவித்திரியையும் நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று எதிரெதிரே நிறுத்துவதை முதலில் விடுங்கள். இரண்டு பேரும் ஒன்றைத்தான் விரும்பினார்கள், தங்கள் வேலை தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று.

மூன்று: "அதெல்லாம் ஒரு பானுமதிக்குத்தான் ஏலும். விதிவிலக்கு." விதிவிலக்கா? 1931 ஒக்டோபர் 31இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி. பி. ராஜலக்ஷ்மி. குழந்தைக் கலியாணம் முறிந்து, நாடகக் கொம்பனியில் சேர்ந்து பிழைத்த தஞ்சாவூர்ப் பெண். அவர் 1936இல் தன்னுடைய நாவலைத் தானே 'மிஸ் கமலா' என்ற படமாகத் தயாரித்து, இயக்கி, நடித்தார். தமிழ்ச் சினிமா பேசத் தொடங்கி ஐந்தே வருசத்தில்! அமெரிக்காவில் மேரி பிக்ஃபோர்ட் 1919இல் சாப்ளினோடு சேர்ந்து 'யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கிய நாலு பேரில் ஒருவர். பிரான்சில் ஊமைப்படக் காலத்து நடிகை முசிடோரா சொந்தக் கொம்பனி வைத்துப் படம் எடுத்தவர். சினிமாவின் முதல் தலைமுறையிலேயே நடிகைகள் தயாரிப்பாளர்களாக வந்துவிட்டார்கள். விதிவிலக்கு என்பது நாங்கள் பேந்து ஒட்டிய லேபல். 'மிஸ் கமலா'வின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. படமும் போய், கதையும் சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருத்தி "முதல் தரம்" மாதிரியே தொடங்கவேண்டி வரும்.

எங்கட நாட்டையும் பாருங்கள். 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும்படத்தின் நாயகி ருக்மணிதேவி, டெய்சி ராசம்மா என்ற பெயரோடு பிறந்தவர். தமிழ்நாட்டு ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த அந்தப் படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம். இந்த நாட்டுச் சினிமா வரலாற்றின் முதல் பக்கத்தில் இருப்பது அவவின் முகம். கொம்பனி அவவுடையது இல்லை. முகம் எங்களுடையது, கொம்பனி அவர்களுடையது என்ற ஒழுங்கு அண்டைக்கே தொடங்கிவிட்டது. போன வருசம் என் அம்மம்மாவின் காணியில் நடந்ததும் அதேதான், சின்ன அளவில்.

இனி எங்கட ஊருக்கு வருகிறேன். "பொம்பிளையள் பொறுப்பா நிண்டால் ஊர் ஏற்காது" என்று தெல்லிப்பழையில் இருந்து ஆரும் சொல்லக் கூடாது. சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். துர்க்கை அம்மன் கோயிலை நிர்வாக சபைத் தலைவராக இருந்து நடத்தியவர் ஆர்? சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி. ஒரு ரீச்சர். பெற்றோர் இல்லாத பெண்பிள்ளைகளுக்கு இல்லம் கட்டி வளர்த்தவ. 2008இல் இறக்கும் வரைக்கும் இந்த ஊரில் அவவின் சொல்லுக்கு இருந்த மரியாதையை எங்கட அம்மாமாரைக் கேளுங்கள். பிறந்தது 1925. பானுமதி பிறந்த அதே வருசம்.

கோயில் கணக்கையும் கட்டடத்தையும் திருவிழாவையும் ஒரு பொம்பிளையின் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டு வந்த ஊர் இது. அப்படியானால் பெண்ணிடம் அதிகாரம் இருப்பது எங்களுக்குப் பழக்கமில்லாதது இல்லை. எங்களுக்குக் கஷ்டமாக இருப்பது வேறு. தனக்கென்று ஒன்றும் கேட்காமல் ஊருக்காக உழைக்கிற பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடுவோம். அம்மாவுக்கு அந்த மரியாதை நூறு வீதம் தகும். ஆனால் "இது நான் செய்தது, என்ரை பேரைப் போடுங்கோ, என்ரை காசுக்குக் கணக்குச் சொல்லுங்கோ" என்று கேட்கிற பெண்ணைக் கண்டால் முகம் சுளிப்போம். தியாகம் செய்தால் தலைவி, பங்கு கேட்டால் பானுமதி. ஒரு பெண்பிள்ளை தன் வேலைக்கு உரிமை கேட்பதற்கு முதலில் துறவியாக வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

யாழ்ப்பாணத்தில் இப்போது குறும்படம் எடுக்காத ஒழுங்கை இல்லை. நல்ல விசயம், எங்கட கதையை நாங்களே சொல்லத்தான் வேணும். ஆனால் அந்தப் படங்களின் பெயர்ப் பட்டியலை ஒருக்கா நிறுத்திப் பாருங்கள். பெட்டைகள் நடிப்பில் இருப்பார்கள், ஒப்பனையில் இருப்பார்கள், "நன்றி"யில் கட்டாயம் இருப்பார்கள். தயாரிப்பில் எத்தனை பேர்? இயக்கத்தில் எத்தனை பேர்? கமெராவும் லப்ரொப்பும் ஆரிடம் இருக்கோ அவர்களுடையதாகப் படம் மாறிவிடுகிறது. படம் பிடித்த கோப்புகள் ஒருத்தரின் ஹார்ட் டிஸ்க்கில். யூரியூப் சனலின் பாஸ்வேர்ட் ஒருத்தரிடம். அந்தக் காலத்தில் ரீல் இருந்த பெட்டியின் சாவி ஆரிடம் என்பது கேள்வி. இந்தக் காலத்தில் பாஸ்வேர்ட் ஆரிடம் என்பது கேள்வி.

"தயாரிப்பு" என்ற சொல் ஒரு மரியாதைச் சொல் மட்டும் இல்லை என்பதையும் நான் பேந்துதான் அறிந்தேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு படத்தின் பொருளாதார உரிமைகளின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான். தயாரிப்பாளர் என்றால் ஆர்? அந்தப் படத்தை உருவாக்கும் முன்முயற்சியையும் பொறுப்பையும் எடுத்தவர். கமெரா வைத்திருந்தவர் என்று சட்டம் சொல்லவில்லை. எழுதியவருக்குத் தன் பெயர் போடப்பட வேண்டும் என்று கேட்கிற உரிமையும் அதே சட்டத்தில் இருக்கு. ஆகவே கடைசி ஸ்லைடில் ஆரின் பெயர் எங்கே போகுது என்பது "சின்ன விசயம்" இல்லை, தங்கச்சி கோவிக்கிற விசயமும் இல்லை.

இதை வாசிக்கிற பெடியளுக்கு ஒன்று. நீங்கள் எல்லாரும் திட்டம் போட்டுத்தான் இப்படிச் செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கட படத்தின் அண்ணா மூன்று இரவு நித்திரை இல்லாமல் எடிற் பண்ணினவர், அது எனக்குத் தெரியும். அவருக்கு "இயக்கம்" என்று போட்டது சரி. என் கேள்வி மற்ற மூன்று சொல்லைப் பற்றி. தன்னுடையதில்லாத பெயரைப் போடும்போது அவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை, ஏனென்றால் பெண்பிள்ளை என்றால் நடிக்க வந்தவ என்ற பழக்கம். பழக்கத்தை மாற்றுவதற்கு ஆரையும் வில்லன் ஆக்கத் தேவையில்லை. கேட்டால் கணக்குக் காட்டினால் காணும்.

பெட்டைகளுக்கு ஒன்று. பானுமதியைத் "துணிச்சலான பெண்" என்று ஸ்ரேற்றஸ் போட்டுவிட்டுப் போகாதீர்கள். துணிச்சல் எங்களிடமும் இருக்கு, ஆனால் துணிச்சலை மட்டும் வைத்து மூன்றாம் தரம் கேட்கும்போது அழுகைதான் வரும், எனக்கு வந்தது. அவர் செய்ததைப் பாருங்கள். நிறுவனம் தொடங்கினார், தன் பெயரில் படம் எடுத்தார், பேந்துதான் மற்றவர்களின் தளத்தில் நிமிர்ந்து நின்றார். எங்களால் ஸ்டூடியோ கட்ட ஏலாது. ஒரு தாள் எழுத ஏலும். படப்பிடிப்புக்கு முதல் நாள், ஒரே ஒரு தாள்: கதை ஆருடையது, காசு ஆர் எவ்வளவு போட்டது, பெயர் எங்கே எப்படி வரும், கோப்புகளின் பிரதி ஆர் ஆரிடம் இருக்கும், எந்தச் சனலில் போடுவது. எல்லாரும் கையெழுத்து. நம்பிக்கை இல்லாததால் இல்லை, நம்பிக்கை கடைசிவரைக்கும் கெடாமல் இருப்பதற்காக.

எங்கட படம் இன்னும் அப்படியேதான் இருக்கு. பெயர் மாற்றவில்லை. அம்மம்மா அதைப் போனில் பார்த்தவ. கிணறு வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டா. கடைசியில் பெயர்கள் ஓடும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வைத்து வாசித்துவிட்டு, "உன்ரை பேர் எங்கை பிள்ளை?" என்று கேட்டா. "கீழை வருது அம்மம்மா" என்றேன். "கதையை நீதானே எழுதினனி? பேந்தேன் கீழை?" என்றா.

அவவுக்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த படத்துக்கான தாளை எழுதிவிட்டேன். இரண்டு பேர் கையெழுத்து வைத்தாயிற்று, கமெராக்காரத் தம்பி உட்பட.

மாமா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். பானுமதி மாதிரி நிற்காதை என்று சொன்னீர்கள். அவ எதன் மேலே நிண்டவ எண்டு இப்ப எனக்குத் தெரியும். அடுத்த முறை தேத்தண்ணிக்கு வாங்கோ, தாளைக் காட்டுகிறேன்.